டிஸ்கிரெபன்சி: ஓர் ஆங்கிலச் சொல்லை வேரிலிருந்து வழக்கு வரை கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஆங்கிலம் அதிகம் புழங்காத வீட்டுக்குங்கூட இந்தச் சொல் என்றாவது ஒருநாள் கடிதத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் தேசிய அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பவர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால், அவருடைய ஆவணங்களில் 'டிஸ்கிரெபன்சி' இருப்பதாகப் பதில் வரக்கூடும். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர், வங்கி எழுதுவினைஞர், உயர்தரத்தில் கணக்கியல் படிக்கும் மாணவர் ஆகியோர் இச்சொல்லை அன்றாடம் காண்கின்றனர். அகராதியைப் புரட்டினால் வேறுபாடு, முரண்பாடு, பொருத்தமின்மை, இணக்கமின்மை என நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் எதுவும் பிழையானதன்று. ஆயினும் எந்த இடத்தில் இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும், எந்த இடத்தில் தவிர்க்க வேண்டும் என்பதை அந்த வரிசை கற்பிப்பதில்லை. அதனைக் கற்பதற்குச் சொல்லின் வேரிலிருந்து தொடங்குவதே நேர்வழி என்பது என் கருத்து. பின்வரும் படிகளை அதே ஒழுங்கில் வாசித்துச் செல்வது நல்லது. ஏனெனில் நான்காம் படியில் வரும் சோதனை, முதற்படியில் சொல்லப்படும் வேர்ப்பொருளின் மேல் நிற்கிறது.

முதற்படி: சொல்லைப் பிரித்துக் கேட்டல்

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'டிஸ்கிரெபாரே' என்பது ஒரு வினை. அதன் முன்னொட்டாகிய 'டிஸ்' பிரிந்து, விலகி என்னும் பொருளைத் தருகிறது. எஞ்சியிருக்கும் 'கிரெபாரே' என்பதற்குச் சடசடத்தல், கிரீச்சிடுதல், ஓசையுடன் வெடித்தல் என்பன பொருள். இரண்டும் சேர்ந்தபோது 'வேறுபட்டு ஒலித்தல்' என்ற பொருள் பிறந்தது. ஆகவே, இன்று கணக்கேடுகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் உயிர்வாழும் இச்சொல் ஆதியில் கண்ணுக்குரியதாக இல்லாமல் காதுக்குரியதாக இருந்தது.

உரோமப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசரோ, கிமு 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வினையை அதன் இரு பொருள்களிலும் அடுத்தடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். யாழ் போன்ற நரம்புக் கருவிகளிலும் குழல்களிலும் சுருதி சிறிதே விலகினாலும் இசை அறிந்தவன் அதைக் கண்டுகொள்வான். அதுபோல வாழ்க்கையிலும் எதுவும் ஒன்றோடொன்று விலகி ஒலிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்விடத்தின் கருத்து. முதல் வாக்கியத்தில் அது இசைச் சொல்; இரண்டாவதில் அதுவே ஒழுக்கச் சொல். ஒலியிலிருந்து பொதுவான பொருத்தமின்மைக்கு இச்சொல் நகர்ந்த வழி இந்த ஓரிடத்திலேயே தெளிவாகத் தெரிகிறது.

நம்மவர்க்கு இது புதிதன்று. பத்திரகாளி அம்மன் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கப்படும்போது, நாதஸ்வரமும் சுருதியும் ஒன்றோடொன்று சேராவிட்டால், ராகத்தின் பெயர் தெரியாதவர்கூட முகம் சுளிப்பார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீதியின் ஒரு முனையில் நாதஸ்வரமும் மறுமுனையில் தேவாலய மணியும் வெவ்வேறு சுருதியில் ஒலித்தால் அதை எவரும் குறையென்று சொல்வதில்லை. சேர்ந்து ஒலிக்க வேண்டியவை சேராதபோதுதான் காது உறுத்துகிறது. இச்சொல்லின் முழுப் பொருளும் அந்த 'சேர வேண்டியவை' என்ற நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் படி: உறவினரையும் உறவினர்போல் தோன்றுவோரையும் அறிதல்

ஒரு சொல்லின் வேர் மனத்தில் பதிய வேண்டுமானால் அவ்வேரிலிருந்து கிளைத்த பிற சொற்களோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது பயன்தரும். மூட்டை அசைக்கும்போது எழும் நெறுநெறுப்பையும், நுரையீரலில் கேட்கும் மெல்லிய சடசடப்பையும் மருத்துவர்கள் 'கிரெபிட்டஸ்', 'கிரெபிட்டேஷன்' என்று எழுதுகின்றனர். இவற்றில் இலத்தீன் வேரின் ஓசைப் பொருள் அப்படியே இருக்கிறது. வெடித்தல் என்னும் பொருள், பழைய பிரெஞ்சு வழியாக வந்து பாறைப் பிளவைக் குறிக்கும் 'கிரெவிஸ்', பனியாற்றின் ஆழ்ந்த வெடிப்பைக் குறிக்கும் 'கிரெவாஸ்' ஆகிய சொற்களில் தங்கிவிட்டது. முதுமையால் தளர்ந்த நிலையைச் சொல்லும் 'டெக்ரெபிட்' என்பதையும் இவ்வேரோடுதான் பொதுவாக இணைத்து விளக்குவர். ஸ்பானிய மொழியில் உடைத்தலைக் குறிக்கும் 'கெப்ரார்' இதன் வழித்தோன்றலே. தென் அமெரிக்காவில் வளரும் மிகக் கடினமான மரவகைக்கு வழங்கும் 'கெப்ராச்சோ' என்னும் பெயர், 'கோடரியை உடைப்பது' என்ற ஸ்பானியத் தொடரிலிருந்து வந்தது. ஒலி, வெடிப்பு, பிளவு என்று பொருள் நகர்ந்த வழி இதிலிருந்து விளங்கும்.

உறவினர்போல் தோன்றினும் உறவில்லாதவையும் உண்டு. அந்திப் பொழுதைச் சார்ந்த 'கிரெபஸ்கியுலர்' என்ற சொல்லின் வேர் மங்கலைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல். மெல்லிய ரொட்டியைக் குறிக்கும் 'கிரேப்' சுருண்டது என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. மாணவர் அதிகம் குழம்புவது 'டிஸ்கிரீட்' என்ற ஒலிப்பில், எழுத்துக்கூட்டலால் மட்டும் வேறுபடும் இரு சொற்களிலே: ஒன்று தனித்தனியாக உள்ளதைக் குறிக்கிறது, மற்றது பேச்சிலும் நடத்தையிலும் பக்குவமாக இருப்பதைக் குறிக்கிறது. அவ்விரண்டும் பிரித்தறிதல் என்னும் பொருளுள்ள மற்றொரு வினையிலிருந்து தோன்றியவை. நமது சொல்லோடு அவற்றுக்குப் பொதுவானது முன்னொட்டு மட்டுமே.

மூன்றாம் படி: ஆங்கிலத்துக்கு வந்த காலத்தை அறிதல்

இப்படியில் அதிகம் தங்க வேண்டியதில்லை. இலத்தீனில் அவ்வினையிலிருந்து 'டிஸ்கிரெபான்ஷியா' என்ற பெயர்ச்சொல் உருவாயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக 'டிஸ்கிரெபன்ஸ்' என்னும் வடிவம் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. 'டிஸ்கிரெபன்ட்' என்னும் பெயரடையும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று நாம் எழுதும் வடிவம் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேரே இலத்தீனைப் பின்பற்றி வந்து, பழைய வடிவத்தை மெல்ல வெளியேற்றிவிட்டது. உரைகளையும் பிரதிகளையும் ஒப்புநோக்கும் புலமைப் பழக்கமும் அச்சுப் பண்பாடும் வேரூன்றிய காலம் அது. ஒரே செய்தியைச் சொல்லும் இரு ஏடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கே இத்தகைய சொல் அடிக்கடி தேவைப்படும்.

நான்காம் படி: மூன்று கேள்விகளால் சோதித்தல்

இதுவே இவ்வழிகாட்டியின் நடுப்பகுதி. உங்கள் கண்ணில் ஒரு வேறுபாடு படுகிறது. அதை இச்சொல்லால் குறிக்கலாமா என்பதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இரு தகவல்களும் ஒரே பொருளைப் பற்றியவையா? அவை ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் உண்டா? இரண்டும் ஒரே காலத்தையும் ஒரே அளவுமுறையையும் சார்ந்தவையா?

கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஏழு கிணறுகளிலும் நீரின் வெப்பம் ஒரே அளவினதன்று. ஒன்றில் இதமாகவும் மற்றொன்றில் சற்றுச் சுடுவதாகவும் இருப்பதை வாளியில் அள்ளித் தலையில் ஊற்றியவர் எவரும் அறிவர். இது வேறுபாடு. ஆங்கிலத்தில் 'டிஃபரன்ஸ்' என்பதே இதற்குரிய சொல். ஏழு கிணறுகளும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. எனவே இரண்டாம் கேள்விக்குரிய விடை 'இல்லை' என்பதே. இனி, ஒரே கிணற்றில் ஒரே வேளையில் இரண்டு வெப்பமானிகளை அமிழ்த்துவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 38 பாகை என்றும் மற்றது 41 பாகை என்றும் காட்டினால், அந்த 3 பாகைதான் டிஸ்கிரெபன்சி. நீர் ஒன்று, நேரம் ஒன்று, அளக்கும் அலகும் ஒன்று. ஆயினும் இரு சாட்சிகள் இருவிதமாகச் சொல்கின்றன. காலையில் 38 என்றும் நண்பகலில் 41 என்றும் ஒரே வெப்பமானி காட்டியிருந்தால், மூன்றாம் கேள்வியில் அது விழுந்துவிடும். அதை மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வரலாற்றிலும் இச்சோதனை அப்படியே பொருந்துகிறது. கோணேசர் ஆலயம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட ஆண்டை 1622 என்று எழுதுவோரும் 1624 என்று எழுதுவோரும் உளர். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுவதால் இது இச்சொல்லுக்கு முழுத் தகுதி பெற்ற எடுத்துக்காட்டு. இடிப்பைக் குறிக்கும் ஆண்டும், அதே மலையில் கோட்டை எழுந்த ஆண்டும் தனித்தனி நிகழ்ச்சிகளுக்கு உரியவை. இவ்விரண்டையும் கலந்துவிடாமல் மூலங்களை வாசிப்பது ஆய்வாளர் முதலிற் செய்ய வேண்டிய வேலை.

இதற்கு மாறாக, பார்வைக்கு டிஸ்கிரெபன்சி போலத் தோன்றி, நெருங்கிப் பார்த்தால் கரைந்துவிடுவனவும் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் சீனன்குடாவை அண்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி வாசிப்போர் 99 என்ற தொகையையும் 101 என்ற தொகையையும் காண்பர். ஒன்று இன்று எஞ்சியிருப்பவற்றைப் பற்றியது, மற்றது பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்டவற்றைப் பற்றியது என்று பிரித்துக்கொண்டால் இரு தொகைகளுக்கும் இடையில் பிணக்கு இல்லை. இத்தகைய இடங்களில் ஆங்கிலத்தில் 'அப்பேரன்ட்' என்னும் அடையை முன்னே சேர்த்து, தோற்றத்தளவிலான டிஸ்கிரெபன்சி என்று எழுதுவது வழக்கம். கவனமாக எழுதுவோர் கைவசம் வைத்திருக்க வேண்டிய அடை அது.

ஐந்தாம் படி: அயற்சொற்களிலிருந்து பிரித்தல்

ஆங்கிலத்தில் வேறுபாட்டைச் சொல்லும் பல சொற்கள் 'டிஸ்' என்னும் அதே முன்னொட்டோடு தொடங்குகின்றன. அதனால் வேர்களைக் கொண்டே அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம். 'டிஃபரன்ஸ்' என்பதில் அம்முன்னொட்டு 'டிஃப்' என்று திரிந்து நிற்கிறது; அச்சொல்லின் வேர் சுமத்தலைக் குறிக்கிறது. வெவ்வேறு திசைக்கு எடுத்துச் செல்லப்பட்டவை வேறுபட்டன என்பது அதன் உட்பொருள். அது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். 'டிஸ்பாரிட்டி' என்பதில் சமம் என்னும் பொருளுள்ள வேர் இருப்பதால், ஏற்றத்தாழ்வைச் சொல்ல அதுவே ஏற்றது. 'டிஸ்கோர்ட்' என்பதில் இதயத்தைக் குறிக்கும் வேர் இருக்கிறது; மனம் ஒவ்வாமையால் எழும் பிணக்குக்கு அது உரியது. 'வேரியன்ஸ்' இந்த முன்னொட்டைச் சேர்ந்ததன்று. பலவகைப்பட்ட என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த அச்சொல்லைப் பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1918இல் புள்ளிவிபரவியலுக்குரிய கலைச்சொல்லாக நிலைநிறுத்தினார். செலவுத் திட்டத்துக்கும் மெய்யான செலவுக்கும் இடையிலுள்ள விலகலைக் கிரயக் கணக்கியலிலும் இச்சொல்லால் குறிக்கின்றனர்.

இவற்றுள் அதிகம் இடம்மாறி எழுதப்படுவன டிஸ்பாரிட்டியும் டிஸ்கிரெபன்சியும் ஆகும். ஒரே தொழிலைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தரப்படும் கூலி வேறுபட்டால் அது டிஸ்பாரிட்டி. அங்கே இரு மனிதர், இரு கூலிகள், அவற்றுக்கிடையே ஓர் அநீதி. ஒருவருடைய சம்பளச் சீட்டில் ஒரு தொகையும் அதே மாதத்தில் அவரது வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளமாக வேறொரு தொகையும் இருந்தால் அது டிஸ்கிரெபன்சி. அங்கே சம்பளம் ஒன்றுதான், அதைப் பற்றிய பதிவுகள் இரண்டு. இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்திலிருத்தினால் இவ்விரு சொற்களும் இடம்மாறா.

ஆறாம் படி: தொழில்களில் இச்சொல் வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தல்

கணக்கியலிலிருந்து தொடங்குவோம். ஒரு கடையின் காசேட்டில் மாத இறுதி மீதி 86,450 ரூபா. அதே நாளுக்கான வங்கிக் கூற்றில் 92,950 ரூபா. இடைவெளி 6,500 ரூபா. இது டிஸ்கிரெபன்சிதானா என்று நான்காம் படியின் கேள்விகளைக் கேட்டால், முதல் இரண்டுக்கும் விடை ஆம் என்பதே. மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் எழுதிக்கொடுத்த 7,250 ரூபா காசோலை இன்னும் வங்கியில் சமர்ப்பிக்கப்படவில்லை. வங்கி அறவிட்ட 750 ரூபா கட்டணம் இன்னும் காசேட்டில் பதியப்படவில்லை. வங்கிக் கூற்றிலிருந்து முதலாவதையும் காசேட்டிலிருந்து இரண்டாவதையும் கழித்தால் இரண்டும் 85,700 ரூபாவில் வந்து நிற்கின்றன. வங்கி இணக்கக் கூற்று என்று மாணவர் மனனம் செய்யும் அந்தப் படிவம், உண்மையில் இரு ஏடுகள் ஒரே காலத்தைப் பேசுமாறு செய்யும் முறையே. இணக்கிய பின்னும் எஞ்சுவதையே கணக்காளர் மெய்யான டிஸ்கிரெபன்சியாகக் கருதித் தேடத் தொடங்குவார்.

தேடுவதற்குப் பழைய கணக்குப்பிள்ளைகள் கையாண்ட ஒரு வழி இன்றும் பயன்படுகிறது. இடைவெளித் தொகை 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். 4,530 என்பதை 4,350 என்று எழுதிவிட்டால் இடைவெளி 180. அது 9இன் 20 மடங்கு. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறும்போது, உயர் தானத்தில் 10 மடங்காக இருந்தது 1 மடங்காகவும், 1 மடங்காக இருந்தது 10 மடங்காகவும் ஆவதால், வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே அமையும். 450 என்பதை 45 என்று எழுதி ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டாலும் இடைவெளியாகிய 405 அதே 9ஆல் வகுபடும் என்பதால், இதை முடிவான சான்றாகக் கொள்ளாமல் துப்பாக மட்டும் கொள்ள வேண்டும். எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் இரு பக்கமாகக் கூட்டி ஒப்பிடும் பரீட்சை மீதி பொருந்தாதபோது, இடைவெளியை இரண்டால் வகுத்து, வரும் தொகை வரவுப் பக்கத்துக்குரியதாக இருந்தும் செலவுப் பக்கத்தில் பதியப்பட்டதா என்று தேடுவதும் இதுபோன்ற ஒரு முறை.

துறைமுகத் தொழிலில் இச்சொல்லின் புழக்கம் வேறு வகையானது. சீனன்குடாவுக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலின் சரக்குச் சீட்டில் ஓர் எடை எழுதப்பட்டிருக்கும். கரையில் நிறுக்கும்போது வேறோர் எடை வரும். மொத்தச் சரக்கின் எடையைக் கப்பலில் அறிவதற்கு, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதை அதன் பக்கங்களில் வரைந்த அளவுக்குறிகளிலிருந்து வாசித்து, கடல்நீரின் அடர்த்தியையும் கப்பலிலுள்ள எரிபொருள், நன்னீர் ஆகியவற்றின் நிறையையும் கணக்கிலெடுப்பர். அந்த முறையில் சுமார் 0.5 சதவீத விலகல் இயல்பென்று கொள்ளப்படுகிறது. ஆகவே, அளவுமுறைகள் இரண்டாக இருக்கும் இடத்தில், எவ்வளவு விலகினால் அதை டிஸ்கிரெபன்சி என்று பதிவது என்ற எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றனர். என் பார்வையில், இச்சொல்லை மிகப் பக்குவமாகக் கையாளும் துறை இதுவே. ஏனெனில், எந்த இரு அளவீடுகளும் முற்றிலும் ஒன்றாக அமையா என்பதை அது தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

உரிய ஆவணங்களைத் தந்தால் விற்றவருக்குப் பணம் கொடுப்பதாக இறக்குமதிக்கு வங்கி வழங்கும் உறுதியாகிய நாணயக் கடிதத்தில், அதாவது வழக்கில் எல்சி எனப்படுவதில், இச்சொல் சட்ட வலுவுடன் நிற்கிறது. சர்வதேச வர்த்தக சம்மேளனம் வெளியிட்டு, 2007 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த யூசிபி 600 என்னும் விதித்தொகுதியின்படி, தரப்பட்ட ஆவணங்கள் பொருந்துகின்றனவா என்று ஆராய்வதற்கு வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலைநாட்களே உண்டு. பொருந்தாதவிடத்து, கொடுப்பனவை மறுக்கும் வங்கி, தான் கண்ட ஒவ்வொரு டிஸ்கிரெபன்சியையும் ஒரே அறிவித்தலில் எழுதித் தெரிவிக்க வேண்டும். பின்னர் நினைத்து நினைத்துப் புதிது புதிதாகக் குறை சொல்வதற்கு இடமில்லை. அதே தொகுதியின் 14ஆம் உறுப்புரையில் நம் நோக்கத்துக்கு மிகப் பயனுள்ள ஒரு விதி இருக்கிறது: ஓர் ஆவணத்திலுள்ள தகவல் மற்றதிலுள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதனோடு முரண்படக் கூடாது. பொதி, உருப்படி என்று எண்ணிச் சொல்லப்படாத சரக்கில், கொடுப்பனவின் மொத்தத் தொகை கடிதத்தின் தொகையைத் தாண்டாதவிடத்து, அளவு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் 30ஆம் உறுப்புரை இடம்கொடுக்கிறது.

நீதிமன்றத்தில், இரு சாட்சிகளின் கூற்றுகளுக்கிடையிலோ ஒரே சாட்சி முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் இடையிலோ காணப்படும் விலகலுக்கு இச்சொல் வருகிறது. 1983இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சாட்சியின் நினைவு ஒளிப்பதிவு நாடாவைப் போல ஓடுவதில்லை என்றும், வழக்கின் அடிப்படையைத் தொடாத சிறு விலகல்களுக்கு மிகை முக்கியத்துவம் கொடுக்கக் கூடாது என்றும் விளக்கியது. எனவே சட்ட ஆங்கிலத்தில் சிறியது என்னும் பொருளில் 'மைனர்' என்றும், வழக்கின் அடிப்படையைத் தொடுவது என்னும் பொருளில் 'மெட்டீரியல்' என்றும் இச்சொல்லுக்கு முன்னே வரும் அடைகள் அலங்காரத்துக்காக வருவனவல்ல. தீர்ப்பே அவற்றில் தங்கியிருக்கக் கூடும்.

அறிவியலில் இச்சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. பிரபு ரேலி என்னும் ஆங்கில இயற்பியலாளர் 1890களின் தொடக்கத்தில் நைதரசன் வாயுவின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஒட்சிசன் முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைதரசன் லீற்றருக்கு 1.2572 கிராம் நிறுத்தது; அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து இரசாயன முறையிற் பெற்ற நைதரசன் லீற்றருக்கு 1.2505 கிராம்தான் நிறுத்தது. இடைவெளி ஏறக்குறைய அரைச் சதவீதம். வேறொருவர் அதைத் தராசின் பிழை என்று தள்ளியிருக்கலாம். ரேலி அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து, இடைவெளி நீங்காததைக் கண்டு, 1892இல் அதை வெளிப்படையாக எழுதி, பிற வேதியியலாளரிடம் விளக்கம் கேட்டார். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் இவ்வாய்வில் இணைந்துகொண்டார். காற்றிலிருந்து பெற்ற நைதரசனுக்குள், அதுவரை எவரும் அறியாத, எதனோடும் சேராத ஒரு கனமான வாயு ஒளிந்திருந்ததை அவர்கள் 1894இல் அறிவித்தனர். அதுவே ஆகன். காற்றின் கனவளவில் சுமார் 0.93 சதவீதமாக இருந்தும் அது அதுவரை கண்ணிற் படாமல் இருந்தது. 1904இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

வானியலில் இதே சொல் இரு வேறு முடிவுகளுக்கு வழிகாட்டியது. யுரேனஸ் கோளின் கணித்த பாதைக்கும் கண்ட பாதைக்கும் இடையிலிருந்த டிஸ்கிரெபன்சி, அப்பால் ஒரு கோள் இழுப்பதாகக் கருதினால் தீரும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியர் கணித்தார். 1846இல் நெப்டியூன் அவ்வாறே அகப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் நூற்றாண்டுக்குச் சுமார் 43 வில் செக்கன் (ஒரு வில் செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) அளவான விலகல் விளக்கமின்றி எஞ்சியது. அதற்கும் சூரியனுக்கு அருகில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று தேடினர், அகப்படவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு அந்த எச்சத்தை விளக்கியபோது, மாற வேண்டியிருந்தது ஈர்ப்புப் பற்றிய கொள்கையே என்பது தெரிந்தது. இரு பதிவுகள் பொருந்தவில்லை என்பதை மட்டுமே இச்சொல் சொல்லும். அவற்றுள் எது பிழை என்பதை ஒருபோதும் சொல்லாது. அலுவலகங்கள் இச்சொல்லை விரும்புவதன் காரணமும் இதுவே. கையிருப்பை எண்ணும்போது பொருள் குறைந்திருந்தால், அதைத் தவறு என்றோ களவு என்றோ எழுதுபவர் ஒருவரைக் குற்றஞ்சாட்டிவிடுகிறார். டிஸ்கிரெபன்சி என்று எழுதுபவர் விசாரணைக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

ஏழாம் படி: வாக்கியத்தில் அமைத்தல்

ஒலிப்பில் இது நான்கு அசைகளாலானது. அழுத்தம் இரண்டாம் அசையாகிய 'கிரெ' மீது விழ வேண்டும். முதல் அசையை அழுத்திச் சொல்வது நம்மிடையே பரவலான வழக்கம். இது எண்ணத்தக்க பெயர்ச்சொல் என்பதால் பன்மையும் ஏற்கும். இரு பதிவுகளையும் பெயர்சொல்லிக் காட்டும்போது 'பிட்வீன்' என்னும் முன்னிடைச்சொல்லும், விலகல் காணப்படும் பொருளைச் சொல்லும்போது 'இன்' என்பதும் வரும். இதிலிருந்து பிறந்த வினைச்சொல் இன்றைய வழக்கில் இல்லை. ஆகவே அதைக் கண்டறிதல், விளக்குதல், இணக்குதல், தீர்த்தல் எனப் பிற வினைகளோடு சேர்த்தே எழுத வேண்டும். 'டிஸ்கிரெபன்ட்' என்னும் பெயரடையை நம்மூர் வங்கிகளில் ஆவணங்களுக்கு அடையாகக் கேட்கலாம். வேறிடங்களில் அது அரிது. கருத்து வேறுபாட்டுக்கும், அண்ணன் தம்பியின் உயர வேறுபாட்டுக்கும் இச்சொல்லை எழுதுவது பொருந்தாது.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். பலர்க்கு இச்சொல்லை எழுத நேர்வது அங்கேதான். தமிழில் ஒரே விதமாக எழுதப்படும் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது பலவாறு பிரிகிறது. சிங்கம் என்று முடியும் பெயரில் ஓரிடத்தில் 'எச்' எழுத்து வரும், மற்றோரிடத்தில் வராது. சிவ என்று தொடங்குவதிலும் அவ்வாறே. தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முழுமையாகவும் மற்றதில் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். இதை விளக்கி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர், நான்காம் படியின் மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலேயே கிடைக்குமாறு எழுதினால் போதும். முதலில் இரு ஆவணங்களையும் அவற்றின் இலக்கத்தோடும் திகதியோடும் குறிப்பிட வேண்டும். அடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஓர் எழுத்தும் மாறாமல், விளக்கம் எதுவும் சேர்க்காமல், தனித்தனி வரியில் தர வேண்டும். பின்னர், இரு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்ற கூற்றையும், அதை உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசி இணைக்கப்பட்டிருந்தால் அதன் விபரத்தையும் எழுத வேண்டும். எந்த வடிவத்தை இனி நிலையானதாகக் கொள்ளும்படி கேட்கிறார் என்பதைக் கடைசி வாக்கியத்தில் சொல்ல வேண்டும். தவறு யாருடையது என்ற பேச்சைக் கடிதத்தில் எடுக்கத் தேவையில்லை. அக்கடிதத்தில் டிஸ்கிரெபன்சி என்ற சொல் முதல் வாக்கியத்தில் ஒருமுறை, இரு ஆவணங்களின் பெயர்களோடும் 'பிட்வீன்' என்பதோடும் சேர்ந்து வந்தால் போதுமானது. திருத்தம் கேட்கும் வாக்கியத்தில் அதை மீண்டும் எழுத வேண்டியதில்லை.